பெய்தாலும் பெய்யும்

களமருதூர் என்று ஓர் ஊர். கல்வராயன் மலைக்குக் கிழக்கே, தென் ஆற்காடு, விழுப்புரம், 2019 முதல் கள்ளக்குறிச்சி என்று மூன்று ஜில்லாப் பெயர்களைக் கண்டுவிட்ட சீமையில் இருக்கிறது. ஊரின் பெயரைப் பிரித்துப் பார்த்தால் களமும் இருக்கிறது, மருதும் இருக்கிறது. களம் என்றால் நெல்லடிக்கும் களம் என்றே வைத்துக்கொள்வோம். பண்டிதர்கள் வேறு பொருள் சொன்னால் சொல்லட்டும். இந்தக் கட்டுரைக்கு எனக்கு வேண்டியது நெற்களந்தான்.

ஏனென்றால், நாளை நடக்கப்போவதைப் பற்றி மனிதன் மிகவும் கவலைப்படும் இடம் அது. நாற்றங்காலில் மழை பெய்தால் சந்தோஷம். நட்ட வயலில் பெய்தால் பெரிய சந்தோஷம். அதே மழை, அடித்துக் காயப்போட்ட நெல்லின்மேல் பெய்தால் ஆறு மாத உழைப்பு முளை விட்டுப் போய்விடும். மேற்கே மலைப்பக்கம் கறுக்கிறது. களத்தில் நிற்பவன் அண்ணாந்து பார்க்கிறான். நெல்லை வாரிக் குவிப்பதா, இன்னும் ஒரு வெயில் காய விடுவதா? பக்கத்துக் களத்துக்காரரைக் கேட்டால் அவர் சாவகாசமாகச் சொல்வார்: "பெய்தாலும் பெய்யும்."

இந்த இரண்டு வார்த்தைகளைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. வானொலியும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. கொஞ்சம் இலக்கணமாகச் சொல்கிறது. "ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்." கூடும் என்றால் கூடாமலும் போகலாம் அல்லவா? இதைச் சொல்ல ஓர் ஆபீஸும் அதற்கு ஓர் உத்தியோகஸ்தரும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் ஒன்றரை நூற்றாண்டுச் சரித்திரத்தில் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தில் பஞ்சம் இருக்கிறது, அவமானம் இருக்கிறது, ஒரு தற்கொலையும் இருக்கிறது.

முதலில் நம் வீட்டுச் சமாசாரத்தைப் பார்த்துவிடுவோம். நம்முடைய பஞ்சாங்கத்துக்குக் 'கூடும்' என்ற சொல்லே தெரியாது. சித்திரை முதல் நாள் கோயிலில் பஞ்சாங்கம் படிப்பார்கள். இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை; அதில் கடலில் இத்தனை பங்கு, மலையில் இத்தனை பங்கு, பூமியில் இத்தனை பங்கு என்று அளந்து கொட்டிவிடுவார்கள். மார்கழி மாதத்தில் கர்ப்போட்டம் என்று ஒன்று பார்ப்பதுண்டு. அப்போது கருக்கொண்ட மேகம் 195 நாள் கழித்துப் பிரசவிக்கும் என்பது வராகமிகிரர் காலத்துக் கணக்கு. பத்து மாதப் பிள்ளைக்காவது நாள் முன்பின் ஆகும். மேகக் குழந்தை குறித்த நாளில் பிறந்துவிட வேண்டும்!

இதைப் படித்துச் சிரிக்கலாம். ஆனால் பஞ்சாங்கத்தின் பேச்சில் ஒரு கவர்ச்சி இருப்பதை மறுக்க முடியாது. அது தயங்குவதில்லை. தயங்காமல் பேசுகிறவனை நம்புவது மனித சுபாவம். நம்முடைய இலக்கணக்காரர்களுக்கும் இந்தச் சுபாவம் நன்றாகத் தெரிந்திருந்தது. காலம் மூன்று; ஆனால் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற காரணங்களால் ஒரு காலம் இன்னொரு காலமாக மாறி வரலாம் என்று நன்னூலில் ஒரு விதி உண்டு. சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் வாசலில் நிற்பவனிடம், "இதோ வந்துவிட்டேன்" என்கிறான் அல்லவா? அது விரைவு. தெளிவுக்கு உரைகாரர்கள் காட்டிய உதாரணம் என்ன தெரியுமா? மழைதான். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால், மழை 'பெய்யும்' என்று சொல்லாமல் 'பெய்தது' என்றே சொல்லிவிடலாமாம்! இன்னும் ஒரு துளிகூட விழவில்லை. விழுந்தாகிவிட்டது என்று இறந்தகாலத்தில் சொல்கிறோம். வருங்காலத்தைப் பற்றி இதைவிட நிச்சயமாகப் பேச உலகத்தில் எந்தப் பாஷையாலும் முடியாது.

அந்த உச்சியிலிருந்து படிப்படியாகக் கீழே இறங்கி வரவும் தமிழில் வழியுண்டு. பெய்தே தீரும். பெய்யாமல் போகாது. பெய்யும். பெய்யும் போலிருக்கிறது. பெய்யலாம். பெய்யக்கூடும். பெய்தாலும் பெய்யும். ஒவ்வொன்றும் ஒரு படி. ஆனால் படிக்குப் படி எத்தனை உயரம் என்று நாம் அளந்து வைக்கவில்லை. இங்கிலீஷ்காரனுடைய வில், மே, மைட், லைக்லி எல்லாம்கூட அளக்காத படிகளாகத்தான் வெகுகாலம் இருந்தன. அவற்றை அளக்க வேண்டும் என்ற ஞானோதயம் உண்டானது எப்படி என்பதுதான் நம் கதை.

கதை கடலில் தொடங்குகிறது. 1859 அக்டோபரில் இங்கிலாந்தின் கரையோரம் அடித்த ஒரு பெரும்புயலில் 'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல் உடைந்து நானூற்றைம்பது பேருக்குமேல் மாண்டார்கள். டார்வினை உலகம் சுற்ற அழைத்துப்போன 'பீகிள்' கப்பலின் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் அப்போது சர்க்காரின் வானிலை இலாகாவை நடத்திவந்தார். தந்திக் கம்பி வந்துவிட்ட காலம். பல ஊர்களின் காற்றையும் அழுத்தத்தையும் ஒரே நேரத்தில் அறிந்து, புயல் புறப்படுமுன் துறைமுகங்களுக்குச் சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1861-இல் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். அதே வருஷம் ஆகஸ்டில் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் அவருடைய தினசரி வானிலைக் குறிப்பும் வெளிவந்தது.

அதற்கு என்ன பெயர் வைப்பது? தீர்க்கதரிசனம் என்ற சொல்லை அவர் தொடவில்லை. ஜோஸ்யமும் வேண்டாம் என்றார். 'ஃபோர்காஸ்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, இது கணக்கும் விஞ்ஞானமும் சேர்ந்து உருவான ஓர் அபிப்பிராயம் மட்டுமே என்று விளக்கினார். ஜனங்கள் விளக்கத்தையா படிப்பார்கள்? 'நாளை மழை' என்று போட்டிருந்தால் நாளை மழை, வராவிட்டால் பரிகாசம். பத்திரிகைகள் கிண்டல் செய்தன. விஞ்ஞானிகள் முகம் சுளித்தார்கள். ஏற்கனவே கடனிலும் நோயிலும் நொந்திருந்த ஃபிட்ஸ்ராய் 1865 ஏப்ரலில் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த வருஷமே ஒரு கமிட்டி கூடி முன்னறிவிப்பை நிறுத்திவிட்டது. புயல் எச்சரிக்கையை மட்டும் 1867-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். கடலில் போகிறவர்களுக்கு அரைகுறை நிச்சயம்கூட உயிர் காக்கும் விஷயம். கரையில் குடையோடு போகிறவருக்குத்தான் அது கேலியாகத் தெரிந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே கும்பினியார் வான ஆராய்ச்சி நிலையம் கட்டிவிட்டார்கள். ஆனால் மழையைப் பற்றி முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்ற அவசரத்தை அவர்களுக்கு உண்டாக்கியது பஞ்சம். இந்திய வானிலை இலாகா 1875-இல் ஏற்பட்டது. அடுத்த வருஷமே மழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தத் தாது வருஷப் பஞ்சம் சென்னை ராஜதானியைச் சூறையாடியது. தெற்கிலும் மேற்கிலுமாக ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள் என்பது குறைந்தபட்சக் கணக்கு. நம் தாத்தாக்களின் தாத்தாக்கள் கஞ்சித் தொட்டி வாசலில் நின்ற காலம் அது.

வானிலை இலாகாவின் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். அடுத்த மழை எப்படி என்று சர்க்கார் அவரைக் கேட்டது. இமயமலையில் குளிர்காலத்துப் பனி அதிகம் விழுந்தால் அந்த வருஷத்துத் தென்மேற்குப் பருவமழை குன்றுகிறது என்று அவர் கவனித்திருந்தார். அதை வைத்துக்கொண்டு 1882 முதல் பரீட்சையாகச் சொல்லிப் பார்த்தார். 1886 ஜூன் 4ஆம் தேதி முறையான முதல் பருவமழை முன்னறிவிப்பு வெளிவந்தது.

பிளான்ஃபோர்டுக்குப் பின் வந்த ஜான் எலியட் இன்னும் பெரிதாகச் செய்தார். இமயப் பனி போதாது என்று இந்து மகாசமுத்திரத்தையும் ஆஸ்திரேலியாவையும் கணக்கில் சேர்த்தார். அறிக்கைகள் நீண்டன, குரலில் நம்பிக்கையும் ஏறியது. அப்போது 1899 வந்தது. மழை நன்றாக இருக்கும் என்ற குரல் சிம்லாவிலிருந்து கேட்டது. வந்தது வறட்சி. குஜராத்திலும் ராஜபுதனத்திலும் மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. மனிதர்கள் லட்சக்கணக்கில் மடிந்தார்கள். பத்திரிகைகள் எலியட்டைக் கிழித்துத் தோரணம் கட்டின. சர்க்கார் என்ன செய்தது? முன்னறிவிப்பைத் திருத்தவில்லை, மூடி வைத்தது. 1902 முதல் 1905 வரை அது உத்தியோகஸ்தர்களின் கண்ணுக்கு மட்டுமான ரகசியக் காகிதமாயிற்று. தப்பாகச் சொல்லி மாட்டிக்கொண்டவன் வாயை மூடிக்கொள்வது உலக வழக்கந்தானே?

1904-இல் கில்பர்ட் வாக்கர் வந்து சேர்ந்தார். இவர் வானிலைக்காரரே அல்ல. கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல்வராகத் தேறியவர், புல்லாங்குழலில் பிரியமுள்ளவர், எறிந்தால் திரும்பி வரும் பூமராங் என்ற ஆஸ்திரேலியத் தடியை ஆராய்ந்தவர். ஏன் மழை பெய்கிறது என்ற கேள்வியை அவர் ஒதுக்கி வைத்துவிட்டு, எது எதோடு சேர்ந்து வருகிறது என்று கேட்டார். ஒரு படை இந்தியக் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து உலகமெங்கும் உள்ள அழுத்தம், வெப்பம், மழை எல்லாவற்றையும் கையாலேயே பெருக்கி வகுத்தார்கள். கம்ப்யூட்டர் என்ற சொல் அந்த நாளில் மனிதர்களைக் குறித்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இந்தியாவின் முதல் பெரிய கம்ப்யூட்டர் வேட்டி கட்டியிருந்தது, தலைப்பாகை வைத்திருந்தது என்றுகூடச் சொல்லலாம்! அந்தக் கணக்குப் புத்தகங்களிலிருந்துதான் பசிபிக் சமுத்திரத்துக்கும் இந்து மகாசமுத்திரத்துக்கும் இடையே அழுத்தம் ஊஞ்சல்போல் ஆடுகிறது என்ற பெரிய உண்மை வெளிவந்தது. இன்று எல் நினோ என்று பேசுகிறோமே, அதன் மறுபாதி அது.

ஆனால் வாக்கரிடம் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கண்டுபிடிப்பைவிட ஒரு வார்த்தைதான். இத்தனை கணக்குப் போட்ட பிறகும் பருவமழையைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. 'ஃபோர்காஸ்ட்' என்றால் ஜனங்கள் உறுதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே 1930-இல் எழுதிய கட்டுரையில் அந்தச் சொல்லை விட்டுவிட்டு 'ஃபோர்ஷேடோயிங்' என்ற சொல்லை வைத்தார். முன்நிழல் காட்டுதல் என்று சொல்லலாம். ஆள் வருமுன் நிழல் வருகிறது. வருகிறவர் உயரமா, குட்டையா என்று ஓர் ஊகம் கிடைக்கிறது; முகம் தெரிவதில்லை. எழுபது வருஷத்துக்குமுன் ஃபிட்ஸ்ராய் அடக்கமாக இருக்கட்டும் என்று தேடிப் பிடித்த வார்த்தை அதற்குள் அகம்பாவம் பிடித்துப் போயிருந்தது பாருங்கள்! வார்த்தைகளும் உத்தியோகஸ்தர்களைப் போலத்தான். நாளாக ஆக அதிகாரம் ஏறிவிடுகிறது.

வார்த்தையை மாற்றிக்கொண்டே போனால் முடிவு ஏது? இதற்கு வேறொரு வழியை ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் குக் என்பவர் 1906-லேயே காட்டியிருந்தார். தம்முடைய முன்னறிவிப்பு ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவர் ஓர் எண் போட்டார். 5 என்றால் ஏறக்குறைய நிச்சயம். எண் குறையக் குறையச் சந்தேகம் அதிகம். எவ்வளவு நேர்மை! பள்ளிக்கூடப் பையன் விடை எழுதிவிட்டு, இந்த விடை சரியாக இருக்கும் என்பதில் தனக்கு எத்தனை நம்பிக்கை என்று தானே மார்க் போட்டுக்கொண்டதைப் போல.

இந்த வித்தையின் அருமை மழையைவிடப் பயங்கரமான ஒரு விஷயத்தில் தெரிந்தது. 1951-இல் அமெரிக்க உளவு இலாகா ஓர் அறிக்கை தயாரித்தது. யூகோஸ்லாவியாமேல் அந்த வருஷம் படையெடுப்பு நடக்குமா என்பது கேள்வி. 'சீரியஸ் பாசிபிலிட்டி' என்று பதில் எழுதினார்கள். அலட்சியம் செய்ய முடியாத சாத்தியம் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளலாம். இலாகாவில் பெரியவராக இருந்த ஷெர்மன் கென்ட்டை வெளிநாட்டு இலாகா அதிகாரி ஒருவர் பேச்சுவாக்கில், "எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்டார். "நூற்றுக்கு அறுபத்தைந்து" என்றார் கென்ட். அதிகாரி திடுக்கிட்டுப் போனார். அவர் மிகக் குறைவாக நினைத்துக்கொண்டிருந்தார். கென்ட் திரும்பி வந்து, அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்ட தம்முடைய சகாக்களையே விசாரித்தார். ஒருவர் மனத்தில் நூற்றுக்கு இருபது. இன்னொருவர் மனத்தில் எண்பது! ஒரே வாக்கியத்தை எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

கென்ட் பிறகு, 1964-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில், வார்த்தைக்கு எண் கட்டினார். ஏறக்குறைய நிச்சயம் என்றால் நூற்றுக்கு 93, பெரும்பாலும் என்றால் 75, சரிபாதி என்றால் 50, பெரும்பாலும் இல்லை என்றால் 30, ஏறக்குறைய இல்லை என்றால் 7. இதை ஒப்பாதவர்களும் இலாகாவில் இருந்தார்கள். எங்கள் நடை கெட்டுப்போகிறது, வார்த்தையின் நயம் போய்விடுகிறது என்றார்கள். கென்ட் அவர்களுக்குக் கவிஞர்கள் என்று பெயர் வைத்தார்; மற்றவர்களுக்குக் கணித சாஸ்திரிகள் என்று பெயர். கதை எழுதிப் பிழைப்பவனாகிய நான் கவிஞர் கட்சியில் சேர வேண்டியவன். ஆனால் யுத்தம் வருமா, வெள்ளம் வருமா என்ற கேள்விக்கு நடையழகோடு பதில் சொல்வது பாவம் என்றே எனக்குப் படுகிறது. இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டுக் கணித சாஸ்திரிகளுக்குத்தான்.

நம்முடைய வானிலை இலாகாவும் எண் கட்டித்தான் பேசுகிறது. இது பலருக்குத் தெரியாது. 'ஓரிரு இடங்களில்' என்பது மழுப்பல் அல்ல. ஒரு பிரதேசத்தின் மழைமானிகளில் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேற்படாதவற்றில் மழை பதிவாகும் என்று பொருள். அதற்கு மேலே ஐம்பது வரை, எழுபத்தைந்து வரை, நூறு வரை என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. நிச்சயத்துக்கும் இப்படியே. இங்கிலீஷ் அறிக்கையில் 'லைக்லி' என்றால் நூற்றுக்கு 25 முதல் 50. 'வெரி லைக்லி' என்றால் 50 முதல் 75. 'மோஸ்ட் லைக்லி' என்றால் 75-க்கு மேல். வேடிக்கை என்னவென்றால், உலகப் பருவநிலையை ஆராயும் சர்வதேசக் குழு அதே 'லைக்லி'க்கு 66-க்கு மேல் என்று பொருள் வைத்திருக்கிறது. ஜெனீவாவில் மூன்றில் இரண்டு பங்கு. டில்லியில் பாதிகூட இல்லை. மரக்கால் ஊருக்கு ஊர் மாறுபட்ட காலம் போய்விட்டது என்று யார் சொன்னது?

இந்த மூன்று படிகளும் தமிழுக்கு வரும்போது பெரும்பாலும் ஒரே படியாகிவிடுகின்றன. எல்லாம் 'வாய்ப்புள்ளது' அல்லது 'கூடும்'. 'வாய்ப்பு' என்ற சொல்லிலேயே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. உத்தியோக வாய்ப்பு, சினிமா வாய்ப்பு என்று பழகிய காதில், "வெள்ளம் வர வாய்ப்பு" என்று விழுந்தால் எதையோ பரிசு கொடுப்பதுபோல் இருக்கிறது. பெய்தே தீரும் என்பதிலிருந்து பெய்தாலும் பெய்யும் என்பதுவரை படிக்கட்டு வைத்திருக்கிற பாஷைக்கு இந்தத் தரித்திரம் வேண்டியதில்லை. ஒவ்வொரு படிக்கும் ஓர் எண்ணைக் கட்டி ஜனங்களிடம் சொல்லிவிட்டால் போதும்.

இது வெறும் பாஷைச் சண்டை அல்ல என்பதை 2024 நவம்பர் மாதக் கடைசி காட்டியது. வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தது. புயலாகுமா, ஆகாதா? 29ஆம் தேதி காலையில்கூட ஆகாமலே கரை கடக்கும் என்ற பேச்சு இருந்தது. பிற்பகலில் அது புயலாகி 'ஃபெஞ்சல்' என்று பெயர் பெற்றது. 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறி, ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டது. விழுப்புரம் பக்கம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை. மேற்கே நகர்ந்த மழை தென்பெண்ணையை நிரப்ப, சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2ஆம் தேதி வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. திருக்கோவிலூர்ப் பக்கம் ஆறு எது, வயல் எது என்று தெரியாமல் போயிற்று.

காலையில் ஒன்று சொல்லிப் பிற்பகலில் வேறொன்று சொன்னார்களே என்று அப்போது கோபித்துக்கொண்டவர்கள் பலர். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். பஞ்சாங்கம் சித்திரையில் அச்சான பிறகு தன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்வதில்லை. மாற்றிக்கொள்ள அதற்கு வழியும் இல்லை. வானிலைக்காரன் மாற்றிக்கொள்கிறான். குழந்தைக்கு உடம்பு சுடும்போது தாய் காலையில், "சளிக் காய்ச்சல்தான்" என்கிறாள். மத்தியானம் உடம்பு அனலாய்க் கொதித்தால் வைத்தியரிடம் ஓடுகிறாள். காலையில் பொய் சொன்னாய் என்று அவளை யாரும் ஏசுவதில்லை. வானமும் அப்படி மாறுகிற பொருள்தான். அதைப் பற்றிய சொல் மாறாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

'கூடும்' என்ற சொல்லால் யாருக்கு என்ன பயன் என்று முதலில் கேட்டோம். களத்துக்குத் திரும்பிப் போய்க் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நெல்லைக் குவித்துப் படுதா போட்டு மூட ஆள் கூலி ஐந்நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடாமல் விட்டு மழை வந்தால் நஷ்டம் ஐயாயிரம். பத்துக்கு ஒன்றுக்குமேல் மழைக்கு இடம் இருந்தாலே மூடிவிடுவதுதான் புத்திசாலித்தனம். நூற்றுக்கு இருபத்தைந்து என்பது தாராளமாகப் போதும். மூடி, மழை வராமல் போனால் அவன் ஏமாந்தவன் அல்ல. பத்து முறை இப்படிச் செய்கிறவன் முடிவில் லாபத்தில்தான் இருப்பான். அதே இருபத்தைந்தை நம்பிப் புழுதியில் விதை தெளிக்கக் கிளம்பினால் அவன் விதைநெல்லை இழப்பான். வார்த்தை ஒன்றேதான், யார் எதைப் பணயம் வைக்கிறான் என்பதைப் பொறுத்து அதன் அர்த்தம் மாறுகிறது. ஆற்றங்கரைக் குடிசையில் குழந்தைகளோடு படுத்திருப்பவளுக்கு நூற்றுக்கு ஐந்தே மிக அதிகம்.

ஆகவே மழை வருமா, வராதா என்று வானிலைக்காரனை இழுத்து வைத்துக் கேட்பதை நாம் விட்டுவிடலாம். அந்தக் கேள்விதான் 1899-இல் ஒருவரைப் பொய்யராக்கியது; பிறகு அவருடைய இலாகாவை ஊமையாக்கியது. கேட்க வேண்டிய கேள்வி அந்த அமெரிக்க அதிகாரி கேட்டதுதான்: எத்தனைக்கு எத்தனை? நெல்லை அளந்துதான் வாங்குகிறோம். பாலை அளந்துதான் வாங்குகிறோம். சந்தேகத்தையும் அளந்தே வாங்குவோம். அளந்து கொடுக்கிறவனைக் கோழை என்று ஏசாமலும் இருப்போம்.

களத்தில் நின்று, "பெய்தாலும் பெய்யும்" என்றாரே அந்தப் பெரியவர், அவரைக் கேட்டுப் பாருங்கள். மலைமேல் மேகம் எந்த மூலையில் நிற்கிறது, காற்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லி, "பத்துக்கு மூன்று" என்பார். அவரிடம் அந்தக் கணக்கு எப்போதும் இருந்தது. நாம்தான் கேட்கவில்லை.